நாலாவது குண்டு

மெஷின் செத்துப்போகவில்லை. செத்திருந்தால் மெக்கானிக்குக்கு வேலை சுலபம். சுவிட்சைத் தட்டியதும் விளக்குகள் வரிசையாக எரிந்தன. மேல்கண்ணாடியில் வரைந்திருந்த ஆக்டோபஸ் எட்டுக் கையோடும் சிவந்தது. பாட்டுகூடப் பாதி வந்தது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மட்டும் உள்ளே டக், டக், டக் என்று ஒவ்வொரு மூலையாக உதைத்துப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டது.

"கேட்டீங்களா? கடை தொறந்ததிலேர்ந்து இதே கூத்து," என்றான் மாப்பிள்ளை. மெக்கானிக்கின் தங்கை புருஷன். "போன மாசமும் இதே, அதுக்கு முந்தின மாசமும் இதே. நீங்க வைத்தியம் பாக்குறீங்களா மச்சான், இல்ல மயக்க ஊசி போட்டுட்டுப் போறீங்களா?"

"பழைய மெஷின் மாப்பிள்ளை. கொஞ்சம் முரண்டு பிடிக்கும்."

"முரண்டு பிடிச்சா எப்படி அடக்கணும்னு எனக்குத் தெரியும். இதுக்குள்ள கை வைக்கத்தான் தெரியல."

சொல்லிவிட்டுச் சிரித்தான். கூடச் சிரிக்க ஆள் இல்லை. மத்தியானம், கடை திறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அது தரைக்குக் கீழே இருந்த கூடம். மூன்று பில்லியர்ட்ஸ் மேஜை, காசு போட்டு எஃகுக் குண்டை உதைத்து ஆடும் இந்த ஒரு பின்பால் மெஷின், கூரையோரம் ஒரு சின்ன ஜன்னல். அதில் தெருவில் போகிறவர்களின் செருப்பும் ஷூவும் மட்டும் தெரியும். படிக்கட்டின் அடியில் கல்லா. கல்லாவில் தங்கை. அந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள்.

"வா அண்ணே," என்றதோடு சரி. முதல் இரண்டு தடவையும் அப்படித்தான். மெக்கானிக்கும் வற்புறுத்தவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள், "இவன்தான் வேணும்னா இனிமே என் வாசப்படி ஏறாதே" என்று சொன்னவன் அவன். சொன்ன சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதில் அவனுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அவள் போன் உடைந்துவிட்டது என்று யாரோ சொன்னபோது அவன் புதிது வாங்கித் தரவில்லை. மாப்பிள்ளை அவனைக் கூப்பிடுவதும் பாசத்தால் இல்லை. இந்த மெஷினைத் திறக்கத் தெரிந்தவன் ஊரில் வேறு எவனும் இல்லை.

"போன ரெண்டு தடவையும் குண்டுல ஒண்ணு குறையுதுன்னு சொன்னீங்க," என்றான் மாப்பிள்ளை. நாற்காலியை மெஷின் பக்கத்திலேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இந்தத் தடவையும் குறையுதான்னு எண்ணிச் சொல்லுங்க. கண்ணாடி பூட்டிக் கெடக்கு. ஒரு சாவி என் இடுப்புல, இன்னொண்ணு கல்லாவுல. காத்தா வந்து எடுத்துட்டுப் போகும்? குறைஞ்சா, எடுத்தது எந்தக் கைன்னு எனக்குத் தெரியும்."

கல்லாவில் சில்லறை எண்ணும் சத்தம் நின்றது.

மெக்கானிக் திரும்பிப் பார்க்கவில்லை. சுவிட்சை அணைத்தான். மாப்பிள்ளை நீட்டிய சாவியால் முன்கதவைத் திறந்து, கண்ணாடியை உருவிச் சுவரில் சாய்த்தான். சரிவின் கீழே, எஃகுக் குண்டுகள் உருண்டு வந்து படுக்கும் பள்ளத்துக்குள் விரலை விட்டான். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது இடத்தில் விரல் வெறும் தகரத்தைத் தடவியது.

இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு சாயங்காலம் அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. அவன் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்த காலம். பள்ளிக்கூடம் விட்டதும் தங்கை அங்கேதான் வந்து உட்காருவாள். "அண்ணே, இது ஏன் லைட்டெல்லாம் போட்டுட்டு ஆட மாட்டேங்குது?" என்று கேட்டாள். "இது முதல்ல தன் குண்டை எண்ணிப் பாக்கும். ஒண்ணு குறைஞ்சாலும் மூலை மூலையா உதைச்சுத் தேடும். கெடைக்கலன்னா ஆடாது," என்றான். "அப்ப என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள். அவன் பெருமையாக நெஞ்சைத் தட்டிக்கொண்டான்.

"என்னைத்தான் கூப்பிடுவாங்க."

மூன்று மாதமாக அவள் அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அவன் இரண்டு தடவையும் வந்து, பெட்டியிலிருந்து புதுக் குண்டு ஒன்றைப் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போயிருக்கிறான். எத்தனை குறைகிறது என்று மாப்பிள்ளையிடம் வாய்விட்டு வேறு சொல்லியிருக்கிறான்.

"என்ன மச்சான், எண்ணத் தெரியலையா? மூணுக்கு மேல பாடம் நடத்தலையா?"

"நாலும் இருக்கு," என்றான் மெக்கானிக்.

எடுத்த மூன்றையும் தகர டப்பாவில் போட்டு உடனே மூடினான்.

மாப்பிள்ளையின் முகம் தொங்கிப்போயிற்று. "நல்லாப் பாத்தீங்களா?"

"வயர்தான் எங்கேயோ விட்டுப்போச்சு. பலகையத் தூக்கிப் பாக்கணும்."

விளக்கும் ரப்பரும் தடுப்பும் பதித்த ஆட்டப் பலகையை முன்பக்கம் பிடித்துத் தூக்கினான். அடியில் செம்புக்கம்பி சுற்றிய காயில்களும் வயர்க் கற்றைகளும் தொங்க, அது ஒரு மூட்டை அரிசி கனம் கனத்தது. வழக்கமாக முட்டுக்கம்பியை நிமிர்த்தி அதன் மேல் சாய்த்துவிடுவான். இன்றைக்குக் கம்பியைக் கழற்றிக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினான்.

"வளைஞ்சிருக்கு. இத நம்பி விட்டா அத்தனை காயிலும் நொறுங்கிடும். மாப்பிள்ளை, இப்படி வாங்க. ரெண்டு கையாலயும் பிடிங்க. உங்களால முடியுமா? இல்ல வெளிய யாரையாவது கூப்பிடவா?"

"முடியுமாவா? நகருங்க."

மாப்பிள்ளை பிடித்துக்கொண்டான். கழுத்து நரம்பு புடைத்தது.

"அசையாதீங்க. ஒரு பக்கம் சாஞ்சாலும் மெஷின் போச்சு. நான் வண்டியிலேர்ந்து பெரிய லைட்டும் மீட்டர் பெட்டியும் எடுத்துட்டு வந்துடறேன்." டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். கல்லாவைப் பார்த்துச் சொன்னான். "நீயும் வா. பெட்டி கனம்."

"அவ எதுக்கு?"

"உங்க ரெண்டு கையும் இங்க இருக்கே மாப்பிள்ளை."

அவள் எழுந்தாள். கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தாள். அவசரமே இல்லாமல் எடுத்தாள். மூன்று மாதமாக அது கட்டித் தயாராக இருந்திருக்க வேண்டும். படியேறும்போது அவளுக்கு ஒரு கால் சரியாக ஊன்றவில்லை. மெக்கானிக் அவள் தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாக ஏற்றினான்.

"ஏய், பை எதுக்குடி?" என்று கீழேயிருந்து குரல் வந்தது. அப்புறம், "மச்சான்! கை வலிக்குது, சீக்கிரம்!"

பலகை விழும் சத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டே மெக்கானிக் வண்டியைக் கிளப்பினான். தெரு திரும்பும்வரை அந்தச் சத்தம் வரவில்லை. மாப்பிள்ளை பிடித்துக்கொண்டேதான் இருந்தான். மெஷின் மேல் அவனுக்கு அவ்வளவு அக்கறை.

மூன்று தெரு தாண்டினார்கள். தங்கை பைக்குள் கைவிட்டு ஒரு காலுறையை எடுத்து மடியில் கவிழ்த்தாள். மூன்று குண்டுகள். அவள் கையின் கடைசி இரண்டு விரலும் மடங்கவில்லை. கோணலாக ஒட்டியிருந்தன.

"அவன் வீட்டுக்கு வருவான்," என்றாள்.

"வரட்டும்."

"நான் உன் வாசப்படி ஏறலாமா?"

அவன் கியரை மாற்றினான்.

"மொத தடவ உனக்குப் புரியல. சரி," என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் கேட்க முடியாமல் இருந்தது. "போன தடவ நீ குனிஞ்சிருந்தப்பதான் இந்த விரல ஒடிச்சான். நான் கத்தினது உனக்குக் கேட்டுச்சு. நீ தரையில ஸ்க்ரூ தேடிக்கிட்டிருந்தே."

"ஆமா."

"ஸ்க்ரூ எதுவும் விழல அண்ணே."

"தெரியும்," என்றான் மெக்கானிக்.