குட்டை வளைஞ்ச எடம்

பொய் சொல்றது எனக்கு ஒண்ணும் புதுசில்ல. ஆனா அன்னிக்கு சொன்ன பொய்யி என் தலையிலயே வந்து வுழும்னு கனவா கண்டன்?

எங்க தெருவுக்குப் பின்னாடி நாலு ஏக்கரு புறம்போக்கு. கள்ளக்குறிச்சி டவுன் குப்பையெல்லாம் அங்கதான், அது மேல வேலிக்காத்தான் முள்ளு. அத பூங்கா ஆக்கப் போறாங்க, குட்டை வெட்டி, கரையில வெள்ளிமலைக் காட்டு மரக்கன்னுங்க நடப் போறாங்கன்னதும் வேலைக்கு மொத ஆளா போய் நின்னவ நானு. கூலிக்கு மட்டும் போவல. என் பொண்ணு அங்க இருக்குறா. பொறந்த ஒம்பதாம் நாளு போனவ. இருபத்திரண்டு வருசமாச்சி. கைப்புள்ளைய எரிக்க மாட்டாங்க இல்ல, அவங்கப்பா வேப்பமரத்தாண்ட பொதைச்சி, நாய் தோண்டாம இருக்க கல்லு ஏத்தி வச்சாரு. அவரும் போய்ச் சேந்துட்டாரு. எடம் எனக்கு மட்டுந்தான் தெரியும்.

வேலை ஆரம்பிச்சி ரெண்டாவது வாரம். குட்டை வெட்ட இஞ்சினியரம்மா எழில்மதி போட்ட சுண்ணாம்புக் கோடு நேரா அந்தக் கல்லு மேல வந்து நிக்குது. ஜேசிபி ஓட்டுற செல்லமுத்து வண்டிய எடுத்துக்கினு வர்றப்ப ஓடிப்போய் குறுக்க நின்னன்.

"யோவ், நிறுத்துய்யா! இங்க கன்னிமாரு சாமி இருக்குது!"

நெஜத்த சொல்லியிருக்கலாம். வாயி வரல. எப்பவோ செத்த புள்ளைக்கா வேலைய நிறுத்துறன்னு சிரிச்சிட்டா இன்னா பண்றது?

அவ்ளோதான். செல்லமுத்து செருப்ப கழட்டிட்டுக் கும்புட்டாரு. எங்கூட மண்ணு சொமக்கிற குஞ்சம்மா மஞ்சளும் குங்குமமும் கொண்டாந்து கல்லுல பூசினா. மறுநாளு கற்பூரம். அதுக்கு மறுநாளு கோயில் கட்டலாம்னு ஒருத்தன் கிளம்பிட்டான், நாசமாப் போறவன்!

நாலாம் நாளு இஞ்சினியரம்மா கடுகடுன்னு வந்தாங்க.

"இங்க கோயில் வந்தா பூங்கா வேலையே நின்னுடும். கல்லைத் தூக்கிட்டு இன்னைக்கே தோண்டுங்க."

அவங்க கால்ல வுழுந்துட்டன்.

"சாமி இல்லம்மா, என் புள்ளம்மா. ஒம்பது நாளு புள்ள. தோண்டாதீங்க தாயி."

அந்தம்மா என்னைத் தூக்கி வுட்டாங்க. சுண்ணாம்பு டப்பாவ வாங்கி அவங்களே குனிஞ்சி, கோட்ட வேப்பமரத்துக்கு அந்தாண்ட வளைச்சிப் போட்டாங்க. மகராசி, அவ வூடு நல்லா இருக்கணும்.

திரும்பிப் பாத்தா, குஞ்சம்மா கூடையப் போட்டுட்டுத் தரையில குந்திக்கினு இருக்குறா.

"இன்னாடி ஆச்சி?"

"போன வாரமே சொல்லியிருக்கக் கூடாதாக்கா? நீ சொல்லியிருந்தா நானும் வாயத் தொறந்திருப்பனே. என் பையன் அந்தக் கோடியில இருந்தான்."

அந்தக் கோடிய போன வாரமே தோண்டியாச்சி. அந்த மண்ணக் கூடை கூடையா சொமந்து கரையில கொட்டினதே நாங்க ரெண்டு பேருந்தான். அன்னிக்கு சிரிப்பும் பேச்சுமா வேற இருந்தோம். இவ மட்டும் அடிக்கடி தண்ணி குடிக்கப் போனா. வேலைக்கு வணங்காதவள்னு கிண்டல் பண்ணினன், பாவி.

அவளக் கட்டிப் புடிச்சிக்கினன். அப்புறம் ரெண்டு பேரும் கன்னுங்கள எடுத்துக்கினு கரைக்குப் போனோம். எந்தக் கூடையில அவன் வந்தான்னு யாருக்குத் தெரியும்? ஒரு எடம் வுடாம கரை நீளத்துக்கும் நட்டோம்.