டியூபாக்காரரின் மூச்சு

மறுபடியும் பாட்டு முட்டிக்கொண்டு நின்றது. கிளாரினெட்டுகள் முந்திக்கொண்டன, பாடகர்கள் பிந்தினார்கள். இசைக்குழுவை நடத்தும் மாஸ்டர் கையை இறக்கிவிட்டார். இன்னும் சற்று நேரத்தில், டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலை அந்தக் குழுவில் ஊதிவந்த டியூபாக்காரரின் சவப்பெட்டி தேவாலயத்துக்குள் வந்துவிடும். பாடகர் வரிசையில் நின்ற அவருடைய மகள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

பாடகர் குழுவுக்கும் ஊதுகருவிகளுக்குமாக மாஸ்டரே எழுதிய புது ஆராதனை இசை அது. நடுவில் எல்லாம் அடங்கி ஒரு மௌனம் வரும். அங்கே தாளம் கிடையாது, கைச்சாடையும் கிடையாது. மனம் ஒன்றி எல்லாக் குரலும் குழலும் தாமாகவே ஒரே நொடியில் எழ வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஒத்திகையில் ஒருநாளும் பிசகியதில்லை. மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை.

"போன வாரம்கூட நல்லாத்தானே வந்துச்சு?" என்றார்.

"போன வாரம் அண்ணன் இருந்தாரு" என்றார் டிராம்போன்காரர், காலி நாற்காலியைக் காட்டி.

மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா ஊதுவதற்கு முன் துருத்தி மாதிரி ஒரு மூச்சு இழுப்பார். கடைசி வரிசை வரை கேட்கும். 'அண்ணே, நான் எழுதாததை எல்லாம் வாசிக்காதீங்க' என்று மாஸ்டர் எத்தனையோ தடவை கடிந்திருக்கிறார். அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுத்தான் இத்தனை பேரும் ஒன்றாகத் தொடங்கியிருக்கிறார்கள். அது அப்பாவுக்கே தெரியாது, பாவம்.

"இன்னைக்கு மட்டும் கை காட்டிடுங்க மாஸ்டர்" என்றாள் மகள்.

"காட்டுறேன்மா" என்றார் அவர், தோற்றுப்போன குரலில்.

பெட்டி வந்தது. பின்னாலேயே அம்மா வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதிலிருந்து அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டாள், அப்பாவின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டாள். மகளுக்கு அதுதான் பயமாக இருந்தது. காலையில் கெஞ்சிக்கூடப் பார்த்தாள்.

"அழுதுடும்மா. உள்ளயே வச்சுக்காத."

"நாலு பேர் பாக்க அழ எனக்கு வராதுடி. நீ போய் ஒழுங்காப் பாடு."

பாட்டு தொடங்கியது. மௌனம் வந்தது. மாஸ்டர் கையைத் தூக்கப் போனவர், காலி நாற்காலியில் சாய்த்து வைத்திருந்த டியூபாவைப் பார்த்துவிட்டார். கை பாதியிலேயே நின்றது. கண்கள் நிறைந்துவிட்டன. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மௌனம் நீண்டுகொண்டே போனது. அம்மா கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொள்வதை மகள் பார்த்தாள். அதுவரை அடக்கியதெல்லாம் நெஞ்சை முட்ட, அழுவதற்காக அம்மா அடிவயிற்றிலிருந்து ஒரு பெரிய மூச்சை இழுத்தாள்.

அத்தனை குரலும் குழலும் ஒன்றாக எழுந்தன.

இம்மி பிசகவில்லை. யோசிப்பதற்கு முன்பே மகளும் பாடிக்கொண்டிருந்தாள். டிராம்போன்களும் பெரிய டிரம்மும் சேர்ந்து முழங்க, அந்த முழக்கத்துக்கு அடியில் அம்மா வாய்விட்டு அழுதாள். தோள்கள் குலுங்கின. சத்தம் ஒருவர் காதிலும் விழவில்லை.

மாஸ்டருக்கு அவள் முதுகுப்பக்கம் இருந்தாள். ஆனாலும் அந்த மூச்சு அவருக்குக் கேட்டிருந்தது. கடைசி ஸ்வரம் வந்ததும் கையை உயர்த்தியபடியே வைத்துக்கொண்டு, 'போதுமா?' என்று மகளைப் பார்த்தார்.

அவள் பாடிக்கொண்டே, 'இல்லை' என்று தலையாட்டினாள்; இப்போது நிறுத்தினால் அம்மாவின் அழுகை எல்லோருக்கும் கேட்டுவிடும். பாடகர்கள் மாறி மாறி மூச்சு வாங்கிக்கொண்டு அந்த ஒரே ஸ்வரத்தைப் பிடித்திருந்தார்கள். மாஸ்டர் மறுபடியும் பார்த்தார். அம்மா இன்னும் முகத்தைத் துடைக்கவில்லை.