தாராபுரம் சாலையில் முனகிய கார்

எங்கள் பக்கத்தில் கார் முனகினால் நிறுத்திப் பார்க்கக் கூடாது. நிறுத்தினால் முனகல் வண்டியிலிருந்து இறங்கி, எதிரில் நிற்கிற ஆள்மேல் ஏறிக்கொள்ளும். போன ஆடியில் ஒருவர் விவரம் தெரியாமல் பெட்ரோல் பங்கில் நிறுத்திவிட்டார். அங்கே காற்றுப் பிடிக்கிறவர் இன்றுவரை முனகிக்கொண்டிருக்கிறார். அதனால் மெக்கானிக்குகள் சாலையோரம் நிற்பார்கள். வண்டி இருபதில் போனால் ஓடி வந்து ஏறிக்கொள்வார்கள், வேலை முடிந்ததும் அப்படியே இறங்கிக்கொள்வார்கள். இதில் யாருக்கும் ஒரு சிரமமும் இல்லை.

எங்கள் கார் முனக ஆரம்பித்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை, உடுமலையைத் தாண்டியதும். மகள் பூங்கொடிக்குப் பேசியிருந்த பையனின் வீட்டைப் பார்க்கத் தாராபுரம் போய்க்கொண்டிருந்தோம். மச்சினன் நாச்சிமுத்து ஓட்டினான். நான் அவன் பக்கத்தில், என் மனைவி சாந்தாமணி பின்னால். பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் அவர்கள் வாசலில் கால் வைக்க வேண்டும். முனகலோடு போய் நிறுத்தினால் அது வரவேற்க வருகிற சம்பந்தியம்மாள்மேல்தான் ஏறும். அப்புறம் எங்கே கல்யாணம்?

பூங்கொடிக்கு இருபத்தொன்பது வயது. இதற்குமுன் மூன்று வரன்கள் கைகூடி வந்து கலைந்தன. என் வாயால்தான் கலைந்தன என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. முதல் வீட்டில் சமையலறை தப்பான மூலையில் இருந்தது, சொன்னேன். இரண்டாவது வீட்டில் பையனுக்கு முன்தலையில் முடி குறைவு, அதையும் சொன்னேன். மூன்றாவது வீட்டில் நான் வாயே திறக்கவில்லை, காபியைப் பற்றி மட்டும்தான். யதார்த்தவாதி வெகுஜன விரோதி, வேறென்ன? இந்தப் பையனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அன்று காலை என்னை வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. பெற்றவன் இல்லாமல் என்ன வீடு பார்க்கிறது என்று நானாக ஏறிக்கொண்டேன்.

ஒரு வேகத்தடையில் தன்னாசி என்கிற மெக்கானிக் ஏறினார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை டாஷ்போர்டில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டார்.

"எண்பதுக்குப் போங்க தம்பி."

போனான். முனகல் கூடவில்லை.

"நியூட்ரல்ல போட்டு உருள உடுங்க."

இன்ஜின் சத்தம் அடங்கியது. முனகல் இம்மியும் குறையவில்லை. ஏசியை அணைத்தார்கள். நாச்சிமுத்து வண்டியை இடமும் வலமும் வளைத்து ஓட்டினான்.

"இன்ஜின் இல்லை, பெல்ட் இல்லை, பேரிங்கும் இல்லைங்க" என்றார் தன்னாசி.

"பேரிங்தான்" என்றேன். "பதினேழு வருசமா கார் வெச்சிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"அண்ணா, நீங்க கொஞ்ச நேரம் பேசாம வாங்க. ஒண்ணும் காதுல விழுக மாட்டேங்குது" என்றார் தன்னாசி.

பிறகு ஸ்க்ரூ டிரைவரை என் சீட்டுக்கடியில் வைத்துக் கேட்டார். சாந்தாமணியின் சீட்டுக்கடியில் வைத்துக் கேட்டார்.

"ரெண்டு முனகலுங்க. ஒண்ணு கேக்குது, ஒண்ணு பதில் சொல்லுது. வீட்டுலிருந்து எத்தனை பேர் கெளம்புனீங்க?"

"மூணு பேர். நல்ல காரியத்துக்கு மூணு பேராப் போகலாமா? அதான் நாலாவது ஆளா ஒரு கல்லை எடுத்து என் சீட்டுக்கடியில வெச்சிருக்கேன்."

சாந்தாமணி என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, நீங்களா வெச்சீங்க? முப்பத்தோரு வருசமா நான்தானுங்க வெக்கிறேன். இன்னைக்கும் வெச்சிருக்கேன்."

தன்னாசி ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துப் பையில் வைத்தார். "அதானுங்க. வண்டியில ரெண்டு நாலாவது ஆள். அஞ்சாவதா வர ரெண்டு பேருக்கும் மனசில்லை."

"என்னுதைத் தூக்கி எறிஞ்சிரலாம்" என்றேன்.

"கூப்பிட்டுக் கூட்டி வந்தவங்களைப் பாதி வழியில எறக்கி உடறது மொறையில்லைங்க. கூப்பிடாம வந்தவங்க யாராச்சும் இருந்தா எறங்கிக்கலாம். அப்ப இவங்கள்ல ஒருத்தர் மூணு, ஒருத்தர் நாலு. வழக்குத் தீர்ந்துரும்."

ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மணி பத்து அடித்துப் பத்து நிமிடம். தாராபுரத்துக்கு ஆறு கிலோமீட்டர். சொல்வதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது. ஆனால் பூங்கொடி புதுப் புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தாள், அதை நினைத்துக்கொண்டேன். நான் சொல்லாமலே நாச்சிமுத்து வேகத்தை இருபதுக்குக் குறைத்தான்.

நானும் தன்னாசியும் இறங்கினோம். கார் சத்தமே இல்லாமல் போனது. தன்னாசி எதிரே முனகிக்கொண்டு வந்த ஒரு வேனில் ஏறிக்கொண்டார். நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.

மூன்று மணிக்கு சாந்தாமணி போன் செய்தாள். "முடிஞ்சுதுங்க" என்றாள்.

வீட்டிலிருந்த பூங்கொடியிடம் சொன்னேன். அவள் சமையலறைக்குள் போய் அழுதாள். சந்தோஷத்தில்தான். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"அங்கே யார் பேசினது?" என்று போனில் கேட்டேன்.

"உங்க சீட்டுக்கடியில வந்தவருதான். கூட்டிட்டுப் போயி நாற்காலியில உக்கார வெச்சோம். ஒரு வார்த்தை பேசலை. காபி குடுத்தாங்க, அதுக்கும் ஒண்ணும் சொல்லலை. பொண்ணோட அப்பா எவ்வளவு அடக்கமான மனுசன்னு சம்பந்தியம்மா வாய் ஓயாமச் சொல்றாங்க."

கல்யாணம் ஆவணியில். பூங்கொடியின் இனிஷியலை மாற்றியாகிவிட்டது. பத்திரிகையும் அடித்து வந்துவிட்டது. தகப்பனார் இடத்தில் அவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. என்னையும் விட்டுவிடவில்லை. கடைசியில் 'தங்கள் நல்வரவை விரும்பும் சுற்றமும் நட்பும்' என்று ஒரு வரி உண்டல்லவா, அதில் நானும் இருக்கிறேன் என்று சாந்தாமணி சொன்னாள். எனக்கென்று ஒரு பத்திரிகையை வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து, முறையாகக் கொண்டுவந்து கொடுத்தாள். நான்கு மூலையில் மூன்றில்தான் மஞ்சள் தடவியிருந்தது. பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.