பின்மண்டைக்கு ஒரு பூதக்கண்ணாடி

சங்கோ இறந்து ஆறு மாதம் முடிந்த அன்று வாசற்கதவில் ஒட்டிய அறிவிப்பில், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பல்கேரிய மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊரில் செத்தவர்களின் படத்தைத் தாளில் அச்சடித்துக் கதவிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுவது வழக்கம். அச்சகத்துக்குக் கொடுத்த படத்தில் முகம்தான் இருந்தது. பசை காய்ந்ததும் பின்மண்டை தெரிந்தது. தெருவில் அதைக் கவனிக்காதவள் அவர் மனைவி ரைனா ஒருத்திதான். அவளுக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய், ஓரங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. அவளிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

காரணம் ஊருக்குத் தெரியும். நேராகப் பார்த்தால் சாம்பல் திட்டுதான் தெரிகிறது என்பதால், ரைனா எல்லோரையும் தோளுக்கு அப்பால் பார்த்தே பேசுவாள். அவளுக்குத் தலைக்கனம் என்று ரொட்டிக்கடைக்காரி ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தாள். உயிரோடிருப்பவர்களே கோபித்துக்கொள்ளும்போது, தினமும் வாசலில் வந்து நின்று தன்னை விட்டுப் பக்கத்துத் தூணைப் பார்க்கும் பெண்டாட்டியைப் பற்றிச் செத்தவர் என்ன நினைப்பார்? அதிலும் சங்கோ, சூப்பில் உப்புக் குறைந்தாலே ஒரு வாரம் முகம் கொடுக்காத ரோஷக்காரர்.

கடைசியில் பக்கத்து வீட்டுத் தோதாதான் போட்டு உடைத்தாள். "அக்கா, உன் வீட்டுக்காரர் உனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறார். நீ எவனையோ பாக்குறேன்னு நெனச்சுட்டார் போல."

"இந்த வயசுலயா? எவன்டி வருவான்?" என்று சிரித்த ரைனா, உள்ளே போய் அழுதாள். தான் ஏறிட்டுப் பார்க்கவில்லை என்ற எண்ணத்தோடே அவர் அந்த உலகத்தில் கிடக்க வேண்டுமா என்பதுதான் அவளை அறுத்தது. மறுநாள் தாளைக் கிழியாமல் உரித்துச் சுருட்டிக்கொண்டு நகரத்துக்குப் பேருந்து ஏறினாள்.

பார்வை குறைந்தவர்களுக்குக் கண்ணாடி விற்கும் லியூபென், எதைப் பார்க்க வேண்டுமோ அதைக் கையோடு கொண்டுவரச் சொல்பவன். பின்மண்டையைப் பார்த்தும் அவன் புருவம் உயரவில்லை. முதலில் வாணலி அகலத்துக்கு ஒரு பூதக்கண்ணாடியை நீட்டினான். தலை முழுதும் உள்ளே வந்தது, ஆனால் பனிக்குள் நிற்பதுபோல மங்கலாக. அடுத்து, தாளைப் படம்பிடித்துத் திரையில் பெரிதாக்கிக் காட்டும் கருவி. அதில் எழுத்துகள் உள்ளங்கை அளவுக்கு வந்தன, படம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. இறந்தவர்கள் திரைக்கு வருவதில்லை என்பது அவன் ஏற்கெனவே கண்டதுதான்.

"பெருசாவும் பலமாவும் ஒண்ணு குடுப்பா."

"அப்படி ஒண்ணு கெடையாதும்மா. பலம் கூடக் கூட வில்லை சின்னதாயிடும். ஒவ்வொரு எழுத்தாத்தான் தெரியும். மூக்கு தாள்ல இடிக்கக் குனியணும். மருந்து டப்பா படிக்கக்கூட லாயக்கில்ல."

"அதையே குடு."

"ஓரமாவே பாருங்க. உங்க கண்ணுக்கு அதான் வழி."

"அதனால வந்த வினைதானேப்பா இது."

அவள் குனிந்தாள். கொட்டைப் பாக்கு அளவு வில்லைக்குள் அவர் பிடரி வந்தது. சமையலறைக் கத்தரியால் அவளே கோணலாக வெட்டிவிட்ட முடி. "ஏய்யா, கோவத்துலயா பாக்காம இருக்கேன்? கண்ணுக்கு நடுவுல ஓட்டை விழுந்துடுச்சுய்யா. ஓரத்துலதான் நீ கெடைக்கிற." அவ்வளவு நெருக்கத்தில் ஒருவர் நேராகப் பார்க்கிறாரா ஓரமாகப் பார்க்கிறாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே தலையணையில் படுத்தவர்களுக்கு அது தெரியும். முடி அசைந்தது. காது வந்தது, கன்னம் வந்தது, பிறகு ஈரமாக ஒரு கண் வந்து வில்லையை நிறைத்தது. லியூபென் திரும்பிக்கொண்டு பெட்டிகளை அடுக்கினான்.

மாத்திரைகளை இப்போது தோதாதான் படித்துக் கொடுக்கிறாள். சங்கோவின் முழு முகத்தை ரைனா பிறகு பார்க்கவே இல்லை. ஒரு கண், உதட்டின் ஒரு முனை என்றுதான் கிடைக்கிறார், அந்தக் குறை அவளுக்கு உண்டு. மறுபடி வாசற்கதவில் ஒட்டிய தாளோடு மூக்கை ஒட்டி நிற்பவளைச் சுற்றிக்கொண்டு தெருக்காரர்கள் போகிறார்கள். குளிர் நாட்களில் வில்லையின் இரண்டு பக்கமும் ஆவி படியும். தாள் பக்கத்து ஆவியைத்தான் அவள் முதலில் துடைக்கிறாள்.