அரை விநாடி ஊகம்

எழுந்தான். பல் துலக்கினான். தலையணை உறையைத் துவைக்கப் போட்டான். இரண்டு டம்ளர் காபி கலந்தான். ஒன்றை மாமியார் முன் வைத்தான். அவன் மனைவியான தன் மகள் செத்த பிறகு அவனுக்குத் துணையாக வந்து இருந்தவர், இன்று மகன் வீட்டுக்குப் போகிறார். பெட்டியின் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அலுவலகக் கூட்டத்தில் சேர்ந்தான்.

ஆன்லைன் விளையாட்டுகளை உருவாக்குபவர்கள் தங்கள் ஆட்டத்தில் பொருத்திக்கொள்ளும் லைப்ரரி என்கிற நிரல் தொகுப்பு ஒன்றை எழுதுவது அவன் வேலை. பலர் சேர்ந்து ஆடும்போது ஒருவனுடைய இணைப்பு அறுந்தால், அவன் எங்கே இருக்கிறான் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில் லைப்ரரி ஊகிக்கும். ஓடிக்கொண்டிருந்தவனை அதே திசையில் ஓடவிடும். உண்மைத் தகவல் வந்ததும் சரியான இடத்துக்கு இழுத்துப் போடும். அரை விநாடி வரை யார் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது.

"அதை மூணு செகண்டா ஆக்கிடுய்யா," என்றார் மேலாளர். "ஆளு நட்டுவெச்ச கம்பம் மாதிரி நிக்கிறான்னு ஒரே புகார்."

"மூணு செகண்ட்ல செவுத்துக்குள்ள போயிடுவான் சார்."

"போகட்டும். நிக்காம இருந்தா சரி."

"செத்தவன்கூட ஓடிக்கிட்டே இருப்பான்."

மறுமுனையில் யாரோ இருமினார்கள். "சரி, அப்புறம் பாப்போம்," என்று மேலாளர் முடித்துக்கொண்டார்.

மாமியார் காபியைத் தொடவே இல்லை.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லுவீங்களா?"

"கேளுங்க அத்தை."

"நான் வர்றதுக்குள்ள... என்னைக் கேட்டாளா?"

அன்று அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வெறும் காய்ச்சல்தானே, துணி காயட்டும் என்று ஒரு பஸ்ஸை விட்டிருந்தார். அடுத்த பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. காய வைத்த அந்தத் துணியை அதற்குப் பிறகு அவர் உடுத்தவில்லை.

கேட்டாள் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அம்மா வந்துட்டாங்களா என்று அவள் கேட்டிருக்கக்கூடியவள்தான். அதைக் கேட்டால் இவருக்கு இந்த நிமிஷம் நெஞ்சு குளிரும். அப்புறம் மகன் வீட்டில் படுத்துக்கொண்டு, மகள் வாசலையே பார்த்தபடி செத்தாள் என்று நினைத்து நினைத்து உருகுவார்.

"இல்ல அத்தை. கேக்கல."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தைகூடவா?"

"சாகப்போறோம்னு அவளுக்குத் தெரியாது அத்தை. எனக்கும்தான். நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்னு டாக்டரே சொல்லிட்டாரு. தெரிஞ்சிருந்தா, பக்கத்துல உக்காந்து லேப்டாப்புல வேலை பாத்துக்கிட்டிருப்பேனா?"

"பின்ன என்னதான் சொன்னா?"

புரண்டு படுத்து, வெளிச்சத்துக்குக் கையால் முகத்தை மறைத்தபடி, கொஞ்சம் எரிச்சலோடு அவள் சொன்னதை அவன் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்.

"கண்ணு கூசுதுப்பா. அதை அந்தப் பக்கம் திருப்பிக்கோ."