ஏழாவது கேள்விக்கு ஊர் எழுதிய பதில்

டூகல் இம்ரிக்கு எழுபத்தொன்பது வயது. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தபோது கிடைத்த வீட்டில், ஊருக்கு மேலே உள்ள மேட்டில் தனியாக இருக்கிறார். அவர் மனைவி இஷ்பெல் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஞாபக மறதி நோய் முற்றியதால், எங்கள் கிர்க்லாவிக் கடைவீதியின் கீழ்க்கோடியில் இருக்கும் முதியோர் இல்லத்தில் மூன்று வருஷமாக இருக்கிறாள். தன் பேரையும் மறந்துவிட்டாள், பெற்ற பிள்ளைகளின் பேரையும் மறந்துவிட்டாள். ஆனால் மத்தியானம் டூகல் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினால் மட்டும் வாயைத் திறப்பாள். வேறு யார் ஊட்டினாலும் உதட்டை இறுக்கிக்கொள்வாள். அதனால் பனி கொட்டினாலும் அவர் ஒரு நாள் தவறியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கண்ணுகளா. சிரிக்காமல் கேளுங்கள். டூகலுக்குச் சிறுநீரை அடக்க முடியாத உபாதை. மேட்டிலிருந்து வரும் பஸ் சுற்றுவட்டத்துக் கிராமங்களை எல்லாம் தொட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் எடுக்கும். மணிக்கூண்டு நிறுத்தத்தில் இறங்கி, கைத்தடியோடு கீழ்க்கோடி வரை நடக்க அவருக்கு இன்னும் இருபது நிமிஷம். நடுவில் மணிக்கூண்டுக்குப் பின்னால் இருந்த பொதுக் கழிப்பறைதான் அவரைக் காப்பாற்றி வந்தது. போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை.

ஊராட்சிக் கவுன்சிலின் சம்பளத்தில் அதைப் பார்த்துக்கொண்டவள் செங்கா டல்லக். கழிப்பறை என்றால் மூக்கைப் பொத்த வேண்டாம். ஜன்னலில் பூந்தொட்டி, ரேடியோவில் பாட்டு, தரை கண்ணாடி மாதிரி. பஸ்ஸிலிருந்து இறங்கி டூகல் அவசரமாக வருவதைப் பார்த்தால் தூரத்திலிருந்தே ஆரம்பிப்பாள்.

"என்னய்யா டூகல், ஓட்டப் பந்தயமா? மெல்ல வாய்யா, மெடல் எதுவும் வச்சிருக்கல."

"மெடல நீயே வச்சுக்க தாயி, வழிய விடு."

வாசலில் காசு போட்டால் சுழலும் இரும்புக் கதவு ஒன்று இருந்தது. குளிர்காலத்தில் வயசானவர்கள் விறைத்த விரலோடு காசைத் தேடிக்கொண்டு நிற்பதைச் செங்காவால் பார்க்க முடியவில்லை. ஒரு மரத்துண்டைச் செருகி, பக்கத்தில் இருந்த சின்னக் கதவைத் திறந்தே வைத்துவிட்டாள். பதினோரு வருஷம் அப்படியே ஓடியது. அந்த இரும்புக் கதவுக்குள் எத்தனை பேர் நுழைகிறார்கள் என்று கணக்கெடுக்கும் ஒரு பொறி இருந்தது அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

கடைவீதியைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று கவுன்சில் சொன்னபோது எல்லோருக்கும் சந்தோஷம்தான். வங்கி போய்விட்டது, செருப்புக் கடை போய்விட்டது, கறிக்கடை ஜன்னலில் பலகை அடித்து நாலு வருஷம். மணிக்கூண்டைச் சுற்றி ஒரு சதுக்கம், கல் பாவிய தரை, பெஞ்சுகள், பெரிய பெரிய பூந்தொட்டிகள், இரவில் தரையிலிருந்தே எரியும் விளக்குகள். படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. படத்தில் கழிப்பறை இருந்த இடத்தில் ஒரு இளம்பெண் நாய்க்குட்டியோடு நடந்து போனாள்.

மக்களின் கருத்தைக் கேட்காமல் எதையும் இடிக்கக் கூடாது என்று விதி. தேவாலயத்துக் கூடத்தில் ஒரு சனிக்கிழமை மேஜைகள் போட்டு, டீயும் ஸ்கோன் ரொட்டியும் வைத்து, கேள்வித்தாள் கொடுத்தார்கள். கொடுத்து வாங்கும் வேலை என்னுடையது. ஏழாவது கேள்வி இது: பொதுக் கழிப்பறையை நீங்கள் எவ்வளவு அடிக்கடி பயன்படுத்துகிறீர்கள்? தினமும், வாரந்தோறும், எப்போதாவது, ஒருபோதும் இல்லை. நாலு கட்டம்.

எங்கள் ஊர்க்காரர்களை உங்களுக்குத் தெரியாது. கால் முறிந்து கிடப்பவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், ஏதோ ஓடுகிறது என்பார். உடம்பின் கீழ்ப்பாதி பற்றி வைத்தியரிடம் பேசவே வேறு ஊருக்குப் போகிறவர்கள். தாளில் பேர் எழுத வேண்டியதில்லைதான். ஆனால் வாங்குவது நான். பக்கத்து நாற்காலியில் இருப்பது தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் அம்மா. பேனா அசைவதை வைத்தே எந்தக் கட்டம் என்று சொல்லிவிடலாம்.

டூகல் எனக்கு எதிரே உட்கார்ந்துதான் எழுதினார். ஆறு கேள்விகளுக்கு மளமளவென்று போனது. ஏழில் பேனா நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் ஸ்கோன் தட்டைத் திருத்தி வைப்பதுபோல் குனிந்துகொண்டேன். கடைசிக் கட்டத்தில் குறி போட்டு, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அன்று காலை கூடத்தைத் திறந்ததும் முதலில் தாளை நிரப்பியவள் நான். நானும் கடைசிக் கட்டத்தில்தான் போட்டிருந்தேன். வியாழக்கிழமைதோறும் சந்தை முடிந்து நேரே செங்காவிடம் போகிறவள் நான்.

செப்டம்பரில் அறிவிப்பு ஒட்டினார்கள். அக்டோபர் கடைசி வெள்ளியோடு கழிப்பறை மூடப்படும். ஆட்சேபம் இருந்தால் கூட்டத்தில் சொல்லலாம்.

கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்திருந்தோம். கவுன்சிலிலிருந்து வந்தது கிர்ஸ்டன் லெய்ட்லா என்ற பெண். சின்ன வயசு, சளி பிடித்து மூக்கு சிவந்திருந்தது, மரியாதையான பிள்ளை. அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதீர்கள். இருநூற்றுப் பன்னிரண்டு தாள்கள் வந்தன, அதில் இருநூற்று மூன்று பேர் ஒருபோதும் போவதில்லை என்று எழுதியிருக்கிறார்கள் என்றாள். மற்ற ஒன்பதில் ஆறு, அன்று வழியில் நின்ற வெளியூர் சைக்கிள்காரர்களுடையது. இரும்புக் கதவின் கணக்குப்படி மாதத்துக்குப் பத்துப் பேர்கூட உள்ளே போகவில்லை என்றும் சொன்னாள்.

டூகல் எழுந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நான் அந்தத் தாள்ல பொய் எழுதிட்டேன்ம்மா," என்றார். "தெனம் ரெண்டு தடவ போறேன். என்னால அடக்க முடியல. அது இல்லேன்னா நான் பஸ்ஸ விட்டு எறங்கிப் பிரயோசனம் இல்ல. நான் வரலேன்னா எம் பொண்டாட்டி சாப்பிட மாட்டா. அவ்வளவுதான் விஷயம்."

எங்கள் ஊரில் ஓர் ஆண்பிள்ளை நாற்பது பேர் முன்னால் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவர் காது மடல் சிவந்து கிடந்தது.

லெய்ட்லா எழுதிக்கொண்டாள். "இத வந்து சொன்னதுக்கு நன்றி மிஸ்டர் இம்ரி. ஆனா ஒருத்தர் பேச்ச மட்டும் வச்சுகிட்டு நான் மேல போய் நிக்க முடியாதுங்க." பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். "வேற யாருக்காவது இப்படி இருக்கா? பேச வேண்டாம். கை தூக்கினாப் போதும்."

காத்திருந்தாள். நியாயமாகவே காத்திருந்தாள். ஆர்கன்கார அம்மா கையுறையைத் தேடினாள். ஒருவர் இருமினார். என் ஷூவின் கயிற்றில் முடிச்சு எத்தனை சுற்று என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியும்.

செங்கா கதவோரம் நின்றிருந்தாள், முகத்தில் ரத்தமே இல்லை. மரத்துண்டைப் பற்றிச் சொன்னால் அந்தக் கணக்கு பொய் என்று ஆகும். கூடவே பதினோரு வருஷம் கட்டணம் வாங்காமல் விட்டதும் வெளியே வரும், அவள் ஓய்வூதியம் போகும். டூகல் அவளைப் பார்த்தார். இன்னொன்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்தபோது மெல்ல என் பக்கத்தில் நடந்தார். கோபம் இல்லாமல்தான் கேட்டார்.

"வியாழக்கிழமை வியாழக்கிழமை உங்கள அங்க பாப்பேனே, எஃபி?"

"மழை வர்ற மாதிரி இருக்கு டூகல்," என்றேன். "நடைய எட்டிப் போடுங்க."

கழிப்பறையை இடித்தார்கள். செங்காவை மேட்டுப் பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கப் போட்டார்கள். டூகல் வேறு வழி தேடினார். நூலகம் வாரத்தில் மூன்று நாள்தான் திறக்கும். மதுக்கடை பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும். டீக்கடையில் ஏதாவது வாங்குகிறவர்களுக்கு மட்டும் என்று எழுதிப் போட்டிருந்தது. டீ வாங்கிக் குடித்தார். குடித்த டீ பாதி வழியில் தன் வேலையைக் காட்டியது. எதுவும் வாங்காமல் உள்ளே விடச் சொல்லிக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும். ஒரு தடவை ஊர் முன்னால் சொன்னதே அவருக்கு ஆயுசுக்கும் போதும்.

நவம்பரில் ஒரு நாள் பஸ் நிறுத்தத்திலேயே கால்சட்டை நனைந்துவிட்டது. எதிரில் பள்ளிக்கூடப் பெண்கள். வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார். மூன்று வருஷத்தில் இஷ்பெலைப் பார்க்காத முதல் நாள் அது. அன்றிலிருந்து ஒரு வழி கண்டுபிடித்தார். முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அதுவும் பலித்தது. இஷ்பெலுக்குச் சூப்பை ஊட்டிவிட்டு, உலர்ந்த நாக்கோடு வீட்டுக்குப் போவார். இரண்டு மாதம் அப்படி.

ஜனவரியில் புதுச் சதுக்கத்தின் நடுவே விழுந்துவிட்டார். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். ஐந்து வாரம் ஆஸ்பத்திரி.

அந்த ஐந்து வாரமும் நான் இஷ்பெலிடம் போனேன். செங்காவும் போனாள். பள்ளிக்கூடத்துப் பாட்டெல்லாம் பாடிக் கரண்டியை நீட்டினேன். உதட்டைப் பிரிக்கவில்லை. பணிப்பெண்கள் சத்துப் பாலை உறிஞ்சுகுழாயில் வைத்து, கெஞ்சிக் கூத்தாடிக் கொஞ்சம் இறக்கினார்கள். மணிக்கட்டு குச்சியாகிவிட்டது.

டூகலை வீட்டுக்கு அனுப்பிய மறுநாளே செங்கா தன் தங்கை மகன் காரில் அவரை அழைத்து வந்தாள். நானும் கூட இருந்தேன். வழித்த முகம், இஸ்திரி போட்ட சட்டை, உடம்பு பாதி ஆகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, பார்லி சூப்பை ஊதி, கரண்டியை நீட்டினார்.

இஷ்பெல் அவரை நன்றாகப் பார்த்தாள். அப்புறம் கரண்டியை மெதுவாக விலக்கினாள்.

"மன்னிச்சுக்கங்க ஐயா," என்றாள். அவள் பேசியே எத்தனையோ நாளாகியிருந்தது. "எங்க வீட்டுக்காரர் இப்ப வந்துருவாரு. அவர் வந்துதான் நான் சாப்பிடுவேன்."

டூகல் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். உன் வீட்டுக்காரர் நான்தான் என்று அவர் சொல்வார், சொல்லிப் புரியவைப்பார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"சரிங்கம்மா," என்றார். "வரட்டும்."

தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவளோடு அவரும் காத்திருந்தார். ஒரு மணிக்கு மேல் பணிப்பெண் வந்து, ஆறிப்போன கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.