மூடிய கை

எங்கள் யார்டில் கிரேன் ஓட்டுகிறவனுக்குக் கீழே நிற்கிறவர் காட்டும் கைதான் கட்டளை. விரித்த கை என்றால் இறக்கு, மூடிய கை என்றால் நிறுத்து. அன்று கீழே நின்ற என் மருமகன் கையை மூடித்தான் காட்டினார். மேலே கிரேனில் இருந்த எனக்கு அது விரித்த கையாகத் தெரிந்தது. இரும்புத் தூண் அவர் தோளை உரசிக்கொண்டு இறங்கியது.

பிரேக் பிடிக்கவில்லை என்று விபத்துப் பதிவேட்டில் எழுத சூப்பர்வைசர் பேனாவை எடுத்தார். அந்த ஆளை நான் என்றைக்குமே நம்பியதில்லை. இப்போது என் கண்ணையே நம்ப முடியவில்லை.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு. என் கண்ணுதான் மங்கிப்போச்சு," என்றேன்.

மருமகன் என்னை ஓரமாக இழுத்துப் போனார். "உங்களை யாராவது கேட்டாங்களா மாமா? ரிட்டயர் ஆக இன்னும் ஆறு மாசம்தான். பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டுங்க."

"அந்த ஆறு மாசமும் கீழ நிக்கப்போறது யாரு மாப்பிள்ளை? நீங்கதானே? ஏதாவது ஆயிட்டா என் பொண்ணு முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அவர் தோளைத் தடவிக்கொண்டார்.

கிரேன் சாவியைச் சூப்பர்வைசரின் மேசைமேல் வைத்தேன். சூப்பர்வைசர் எழுதினால் மாற்றித்தான் எழுதுவார் என்று பேனாவை வாங்கிக்கொண்டேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். "கண் சரியில்லை. நானாகக் கிரேனை விட்டு இறங்குகிறேன்" என்று எழுதி முடிக்கும்வரை இரண்டு பேரும் காத்து நின்றார்கள்.